சாமந்திக் குடிலில் விளக்கு நேரம் தவறினால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் வழி

ஓசூர், தளி, பேரிகைப் பக்கம் பாலிஹவுஸில் கொய்மலர்ச் சாமந்தி போட்டிருப்பவர்களிடமிருந்து எனக்கு வருவது பெரும்பாலும் இரண்டே புகார்கள்தான். "செடி முழங்கால் உயரம்கூட வரலை, அதுக்குள்ள மொட்டு வெச்சிடுச்சு" என்பது ஒன்று. "லைட்டை நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு, மொட்டையே காணோம்" என்பது இன்னொன்று. நான் போய்ச் சேர்வதற்குள் உரக்கடையில் ஒரு தொகை செலவாகியிருக்கும். செடியை நீட்டும் ஜிப்ரலிக் மருந்து அடித்திருப்பார்கள், சொட்டுநீரில் 19:19:19 உரம் விட்டிருப்பார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஒருமுறை குடிலுக்குள் போய் நின்று பார்த்தவர்கள் மட்டும் மிகக் குறைவு.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் எந்த அறிகுறியாக இருந்தாலும் உரத்தையும் மருந்தையும் தொடுவதற்கு முன் ஒரு இரவு உள்ளே போய்ப் பாருங்கள். விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் ஒருமுறை, அணைந்திருக்க வேண்டிய நேரத்தில் ஒருமுறை. பகலில் சுவிட்சைத் தட்டி, "எல்லாம் எரியுதுங்க" என்று காட்டுவது சோதனை ஆகாது.

சரியாக இருந்தால் எப்படி இருக்கும்

சாமந்தி இருட்டை எண்ணும் செடி. இருட்டு இடைவிடாமல் நீண்டால் மொட்டு வைக்கும், நடுவில் வெளிச்சம் பட்டால் வளர்ந்துகொண்டே இருக்கும். நம் பக்கம் டிசம்பரில் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு, ஜூனில் பதிமூன்று மணி நேரத்தை ஒட்டி. அதாவது வருஷம் முழுக்கச் செடி எப்போது வேண்டுமானாலும் பூக்கத் தயாராகவே நிற்கிறது. அதைத் தடுத்து உயரம் வாங்குவதற்காகத்தான் விளக்கு.

நான் வைக்கும் நேரம் இரவு 10 மணி முதல் 2 மணி வரை. நட்ட அன்றிலிருந்து நாலைந்து வாரம், ரகத்துக்கும் தண்டின் உயரத்துக்கும் ஏற்றபடி. வெளிச்சம் செடியின் நுனியில் 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். பிறகு விளக்கை முழுவதுமாக நிறுத்திவிட வேண்டும். பகல் நீளும் மாதங்களில், அதாவது ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, நிறுத்திய அன்றிலிருந்து கருப்புத் துணி போட்டு 13, 14 மணி நேர இருட்டு கொடுக்க வேண்டும். மூன்று வாரத்துக்குப் பிறகு நுனியில் கடுகளவு மொட்டு தெரியும். ரகத்தைப் பொறுத்து 7 முதல் 10 வாரத்தில் அறுவடை.

இதில் எது தவறியது என்பதைச் செடி நிற்கும் இடமே பாதி சொல்லிவிடும். குடில் முழுக்கவா, ஒரு மூலையிலா, இங்கொன்றும் அங்கொன்றுமா? முதலில் அதைப் பார்த்துக்கொண்டு உரிய தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி 1: குடில் முழுக்க, உயரம் வருமுன்பே மொட்டு

*டைமர் நேரம்.* செலவே இல்லாத காரணம், அதிகம் அகப்படும் காரணமும் இதுதான். சக்கர டைமரில் கரண்ட் போனால் கடிகாரமும் நிற்கும். தினம் ஒரு மணி நேரம் மின்வெட்டு என்றால் பத்து நாளில் பத்து மணி நேரம் பின்தங்கிவிடும். ராத்திரி பத்துக்கு எரிய வேண்டியது காலை எட்டு மணிக்கு எரியும். வெயிலில் விளக்கு எரிவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். பேரிகைப் பக்கம் ஒரு குடிலில் டைமரைச் சரியாகத்தான் வைத்திருந்தார்கள், ஆனால் பகல் பன்னிரண்டையும் இரவு பன்னிரண்டையும் மாற்றி. பதினெட்டு நாள் விளக்கு பகல் 10 முதல் 2 வரை எரிந்திருக்கிறது.

செய்ய வேண்டியது: டைமர் காட்டும் நேரத்தையும் உங்கள் போன் நேரத்தையும் ஒப்பிடுங்கள். கால் மணிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருத்திவிட்டு மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். மறுபடியும் பின்தங்கினால் உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு மாறுங்கள். டிஜிட்டல் டைமர் ஏற்கெனவே இருந்தால், மெயினை அணைத்து ஒரு மணி நேரம் விட்டுப் போடுங்கள். நேரம் பூஜ்யத்துக்குப் போயிருந்தால் பேட்டரி செத்துவிட்டது.

*கிழமை.* டிஜிட்டல் டைமரில் எந்தெந்தக் கிழமை என்று கேட்கும். திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் தேர்ந்தெடுத்து விட்டுவிடுவார்கள். வாரத்துக்கு இரண்டு இரவு விளக்கில்லாமல் இருட்டாகவே கழியும். சீக்கிரம் பூக்கும் ரகத்துக்கு அதுவே போதும்.

*மேனுவல் சுவிட்ச்.* பேனலில் ஆட்டோ, மேனுவல் என்று இருக்கும். மருந்தடிக்க வந்தவர் மேனுவலுக்குத் திருப்பி அணைத்துவிட்டுப் போயிருப்பார். பேனல் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

*நேரத்தைப் பிரித்த விதம்.* "சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை போடுகிறேன், நான்கு மணி நேரம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. டிசம்பரில் அப்படிப் போட்டால் எட்டு மணிக்குப் பிறகு விடியும் வரை பத்து மணி நேரத்துக்கும் மேல் ஒரே இருட்டு. பல ரகங்களுக்கு அது மொட்டு வைக்கப் போதுமான இருட்டு. நடு இரவில் போட்டால் முன்னால் நான்கு, பின்னால் நாலரை என்று இருட்டு இரண்டு துண்டாகிவிடும். இரவின் நடுவில்தான் வெளிச்சத்துக்கு வேலை அதிகம்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விட்டுவிட்டு எரிக்கும் முறையும் உண்டு. அரை மணிக்கு 10 நிமிடம் எரிந்து 20 நிமிடம் அணைந்திருப்பது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதை அந்த நான்கு மணி நேரம் முழுக்கச் செய்ய வேண்டும், அரை மணிச் சுற்றுக்கு மேல் நீட்டக்கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் பத்து நிமிடம் என்று நீட்டியவர்களின் குடிலில் மொட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அடிக்கடி அணைந்து எரிவதைச் சி.எஃப்.எல். பல்பு தாங்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

*வெளிச்சம் போதவில்லை.* மேலே உள்ளவை எல்லாம் சரியென்றால் அளந்து பாருங்கள். போனில் லக்ஸ் மீட்டர் செயலி இறக்கிக்கொள்ளலாம். துல்லியம் இல்லை, ஆனால் 30க்கும் 100க்கும் வித்தியாசம் காட்டும். இரவில், இரண்டு பல்புக்கு நடுவில், செடி நுனி உயரத்தில் போனை மல்லாக்க வைத்து அளக்க வேண்டும். பல்புக்கு நேர் கீழே அளந்து 250 வருகிறது என்று திருப்திப்பட்டால் பயனில்லை. இருட்டான இடத்தில் நிற்கும் செடிதான் முதலில் மொட்டு வைக்கும்.

குறைவாக இருந்தால் முதலில் பல்பைத் துடையுங்கள். மருந்துப் படலமும் தூசியும் ஒட்டிய பல்பு துடைத்தவுடனே நன்றாக ஏறும். அதன் பிறகும் குறைந்தால் பல்பை இறக்கித் தொங்கவிடுங்கள், அப்புறம்தான் எண்ணிக்கையைக் கூட்டுவது. வாங்கும்போது மஞ்சள் சாயல் அடிக்கும் வார்ம் ஒயிட் எல்இடி வாங்குங்கள். இந்த வேலைக்குச் சிவப்பு வெளிச்சம்தான் முக்கியம், நீலச் சாயல் அடிக்கும் கூல் ஒயிட்டில் அது குறைவு.

*நாற்று.* எல்லாம் சரியாக இருந்தும், நட்டு இரண்டு வாரத்துக்குள் மொட்டு என்றால் நாற்று வரும்போதே மொட்டுக் குணத்தோடு வந்திருக்கிறது. தாய்ச்செடிக்கு விளக்கு போடாத நர்சரியில் வெட்டிய துண்டு அப்படித்தான் இருக்கும். இரண்டு நாற்றின் நுனியைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே உருண்டையாக இருந்தால் அதுதான். நட்ட தேதி, பெட்டி வந்த தேதி, படம் மூன்றையும் வைத்துக்கொண்டு நர்சரிக்காரரிடம் பேசுங்கள்.

*இனி என்ன செய்வது.* மொட்டு கடுகளவில் இருக்கும்போதே கண்டுபிடித்தால் நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, பிழையைத் திருத்தி, விளக்கைத் தொடருங்கள். பக்கக் கிளை வந்து கொத்துப் பூவாக முடியும். மூன்று வாரம் தாமதம், தண்டு கொஞ்சம் மெலிதாக இருக்கும், ஆனால் பயிர் தப்பிக்கும். மொட்டு பட்டாணியளவு ஆகிவிட்டது என்றால் கிள்ளாதீர்கள். குட்டைத் தண்டாகவே விட்டு உள்ளூர் உதிரிப்பூ சந்தைக்கு அனுப்புவது நஷ்டத்தைக் குறைக்கும்.

அறிகுறி 2: ஒரு பகுதியில் மட்டும் முன்கூட்டியே மொட்டு

இங்கே டைமரைச் சந்தேகிக்க வேண்டாம். டைமர் தவறினால் குடில் முழுக்கத் தவறும்.

*ஒற்றை வட்டமாக இருந்தால்* அந்த இடத்துப் பல்பு போய்விட்டது. மூன்று நான்கு இரவு தொடர்ந்து எரியாமல் இருந்தாலே அதன் கீழுள்ள செடிகளை நான் நம்ப மாட்டேன். குறைந்தது பத்து மாற்றுப் பல்பு கையில் இருக்கட்டும், இரவு பார்க்கும்போதே மாற்றிவிடலாம்.

*ஓரப் பாத்தியில் நீளமாக இருந்தால்* வெளிச்சம் ஓரம் வரை எட்டவில்லை. நடுப் பாத்திக்கு இரண்டு பக்கப் பல்பும் வெளிச்சம் தரும், ஓரப் பாத்திக்கு ஒரு பக்கம்தான். கடைசி வரிசைப் பல்புகளை ஓரத்தை நோக்கி ஒன்றரை அடி நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகும்.

*மோட்டார் ரூமிலிருந்து தூரமாகப் போகப் போக அதிகமாக இருந்தால்* வோல்டேஜ் வழியிலேயே இறங்குகிறது. பழைய குண்டு பல்பு வைத்திருப்பவர்களுக்குத்தான் இது கடுமை. 60 வாட் பல்பு நூறு என்றால் 6,000 வாட், 26 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய ஒயரில் அவ்வளவும் போனால் கடைசிப் பல்புக்கு 200 வோல்ட்தான் வந்து சேரும். வோல்டேஜ் எட்டில் ஒரு பங்கு குறைந்தால் குண்டு பல்பின் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கண்ணுக்கு அது அவ்வளவாகத் தெரியாது.

சோதனை எளிது. எல்லா விளக்கும் எரியும்போது முதல் பல்பிடமும் கடைசிப் பல்பிடமும் லக்ஸ் எடுங்கள். வோல்டேஜ் அளப்பதை மல்டிமீட்டர் பழக்கம் உள்ளவரிடம் விடுங்கள். ஒயரை மாற்றுவதற்கு முன் பல்பை மாற்றக் கணக்குப் பாருங்கள். அதே நூறு இடத்தில் 9 வாட் எல்இடி போட்டால் 900 வாட்தான். நான்கு மணி நேரத்துக்கு 24 யூனிட் ஆன இடத்தில் நாலு யூனிட்கூட ஆகாது, பழைய ஒயரே தாராளமாகத் தாங்கும். பல வருஷமாக இதைச் சொல்லி வருகிறேன், மாற்றியவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை.

அறிகுறி 3: விளக்கை நிறுத்தி நாலைந்து வாரம் ஆகியும் மொட்டு இல்லை

*முதலில் நாட்களை எண்ணுங்கள்.* நட்ட நாளிலிருந்து அல்ல, விளக்கு நின்ற இரவிலிருந்து. ஒரே குடிலில் 7 வார ரகமும் 10 வார ரகமும் நட்டிருந்தால், பக்கத்துப் பாத்தியில் மொட்டு வந்ததைப் பார்த்து இந்தப் பாத்தியை நோயாளி ஆக்கிவிடுவோம். ரகம் எந்த வாரத்தைச் சேர்ந்தது என்று நாற்று வாங்கும்போதே எழுதி வாங்குங்கள்.

*விளக்கு உண்மையில் நின்றதா?* இங்கேதான் இரவுச் சோதனை. டைமர் சொல்வதைக் கேட்டு விளக்குகளுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான கான்டாக்டர் உள்ளே தீய்ந்து ஒட்டிக்கொண்டால் டைமர் நிறுத்தச் சொன்னாலும் விளக்கு நிற்காது. டைமரில் இரண்டாவது புரோகிராம் ஒன்று பழைய பயிரிலிருந்து மிச்சம் இருக்கும், அதிகாலை மூன்று மணிக்குப் பத்து நிமிடம் எரிந்து அணையும். விளக்கு நிறுத்தும் நாளில் டைமரை நம்பாமல் அந்த விளக்கு லைனின் எம்.சி.பி. சுவிட்சையே கீழே இறக்கிவிடுங்கள்.

*வெளியிலிருந்து வரும் வெளிச்சம்.* ஒரு குடிலில் தெற்குப் பக்க நான்கு பாத்தி மட்டும் பூக்கவே இல்லை. மண் பரிசோதனை வரை போய்விட்டார்கள். நான் இரவு எட்டு மணிக்குப் போனபோது, வாசலில் மாட்டுக்கொட்டகைக்காகப் புதிதாக மாட்டிய ஃபோகஸ் லைட் பாலித்தீன் தாளைத் தாண்டி அந்த நான்கு பாத்தியிலும் நிலா வெளிச்சம்போல விழுந்துகொண்டிருந்தது. அதைத் தரையைப் பார்க்கத் திருப்பினோம், அவ்வளவுதான். தெருவிளக்கு, பேக்கிங் ஷெட் டியூப், பக்கத்து வயலில் சாமந்திக்குப் போட்ட விளக்கு எல்லாமே இந்த வகை. பக்கத்து வயல்காரர் உங்களைப்போலவே பயிரைக் காப்பாற்றுகிறார், சண்டை வேண்டாம். அந்தப் பக்கம் மட்டும் உங்கள் செலவில் ஒரு கருப்புத் திரை கட்டிக்கொள்ளுங்கள்.

நம் ஒரே குடிலுக்குள் ஒரு பாத்திக்கு விளக்கும் அடுத்த பாத்திக்கு இருட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை நிச்சயம் வரும். நடுவில் தரை வரை தொங்கும் திரை இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

*கருப்புத் துணியில் ஓட்டை.* நல்ல வெயில் நேரத்தில் துணியை முழுக்க மூடிவிட்டு உள்ளே போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் ஓட்டைகள் நட்சத்திரம்போலத் தெரியும். கையை நீட்டினால் விரல் தெரியக்கூடாது. ஊசித் துளைகளை டேப் ஒட்டி அடைக்கலாம். இரண்டு துணி சேரும் இடத்திலும் தரை ஓரத்திலும்தான் பெரிய கசிவு இருக்கும், ஒரு அடி ஒன்றின்மேல் ஒன்று படியும்படி இழுத்து விடுங்கள். துணி முழுக்க வெளுத்து நைந்திருந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை.

*ஞாயிறு விடுமுறை.* துணி இழுக்க ஆள் வராத நாள். இருட்டு தொடங்கிய முதல் மூன்று வாரத்தில் ஒரு நாள்கூட விடாதீர்கள். மொட்டில் நிறம் தெரிந்த பிறகு துணியே தேவையில்லை, ஆளுக்கு விடுமுறை அப்போது கொடுங்கள்.

*வெப்பம்.* சாயங்காலம் ஐந்து மணிக்கே துணியை மூடினால் பகல் சூடு உள்ளேயே அடைபடும். ஏப்ரல், மே மாதத்தில் துணிக்குக் கீழ் இரவு முழுக்க 30 டிகிரிக்கு மேல் நின்றால், இருட்டு சரியாக இருந்தும் மொட்டு நின்றுவிடும். ஒரு தெர்மாமீட்டரைச் செடி உயரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். நான் சொல்வது: ஏழு மணிக்கு மூடுங்கள், எட்டுக்கு முழு இருட்டானதும் பக்கத்துத் துணியை மட்டும் தூக்கிக் காற்று விடுங்கள், விடியுமுன் ஐந்து மணிக்கு மறுபடி இறக்கி, எட்டரைக்குத் திறங்கள். ஆள் வேலை கூடும், ஆனால் வெயில் காலப் பயிருக்கு வேறு மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. தூக்கிய நேரத்தில் வெளி விளக்கு எதுவும் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்து, திருத்தி, மூன்று வாரம் பொறுத்தும் நுனியில் எதுவும் தெரியவில்லை என்றால் தோட்டக்கலை அலுவலரைக் கூப்பிடுங்கள். நம் பக்கத்தவர்களுக்குத் தளியில் இந்தோ-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த கொய்மலர் மையம் இருக்கிறது. போகும்போது இரண்டு செடியை வேரோடு எடுத்துப் போங்கள். நட்ட தேதி, விளக்கு நின்ற தேதி, துணி மூடித் திறக்கும் நேரம் ஒரு தாளில் இருக்கட்டும். அந்தத் தாள் இல்லாமல் யாராலும் உருப்படியாகச் சொல்ல முடியாது.

அறிகுறி 4: மொட்டு வந்தும் விரியவில்லை, அதன் கீழே நாடாபோல ஒல்லி இலைகள்

சாமந்தி இலைக்கு உள்ள வெட்டு இல்லாமல், மொட்டுக்குக் கீழே நீட்டமாக, விளிம்பு வழுவழுவென்று இலை வந்திருந்தால், செடி பூக்கத் தொடங்கிவிட்டு நடுவில் குழம்பியிருக்கிறது. இரண்டு காரணம். விளக்கை வெகுநாள் நீட்டித்ததால் செடி முதிர்ந்து தானாகவே மொட்டு வைத்தது ஒன்று. சந்தை விலைக்காகக் காத்திருந்து ஏழெட்டு வாரம் விளக்கு போட்டவர்களிடம் இதைப் பார்ப்பேன். இருட்டு தொடங்கிய பிறகு நாலைந்து இரவு வெளிச்சம் பட்டது இன்னொன்று. அதற்கு மேலே அறிகுறி 3ல் உள்ள சோதனைகளையே செய்யுங்கள்.

இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான். நடு மொட்டைக் கிள்ளிவிட்டு, உடனே முழு இருட்டைத் தொடங்கி, ஒரு இரவும் விடாமல் கொடுங்கள். பக்க மொட்டுகள் பூத்துவிடும்.

அறிகுறி 5: விளக்கு மங்குகிறது, மின்னுகிறது, டிரிப் ஆகிறது

இங்கே நீங்களே செய்யக்கூடியது கொஞ்சம்தான். மெயினை அணைத்துவிட்டு ஹோல்டரில் தண்ணீர் ஏறியிருக்கிறதா, ஒயர் எலி கடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். மருந்தடித்த மறுநாள் டிரிப் ஆகி, காய்ந்ததும் சரியானால் ஹோல்டர்தான் காரணம், மழை புகாத ஹோல்டர் மாற்றுங்கள். ஒரே பல்பு மின்னினால் அந்தப் பல்பை மாற்றிப் பாருங்கள்.

கீழே உள்ள மூன்றில் ஒன்று தெரிந்தால் மெயினை இறக்கிவிட்டு, உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வரும் வரை யாரையும் உள்ளே விடாதீர்கள். ஒரு வரிசை பளீரென்றும் இன்னொரு வரிசை மங்கலாகவும் எரிந்தால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம், பல்பு மட்டுமல்ல, பம்ப் கன்ட்ரோலரும் எரியும். குடிலின் இரும்புக் குழாயைத் தொட்டால் சுர்ரென்றால், அது உயிர் போகும் விஷயம். பேனலில் தீய்ந்த வாடை வந்தாலும் அப்படியே. ஈர மண்ணில் செருப்பில்லாமல் நிற்கும் பெண்கள்தான் குடிலில் அதிக நேரம் வேலை செய்கிறார்கள். அவர்களுக்காகவாவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போட்டு, மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதைக் கழற்றி நேர் இணைப்பு கொடுத்த குடில்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அது டிரிப் ஆவது எங்கோ கசிவு இருப்பதால்.

அறிகுறி 6: இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில செடி மட்டும் குட்டையாக, முன்கூட்டியே பூத்து

பக்கத்துச் செடி நன்றாக இருக்க, நடுவில் ஒன்று மட்டும் பாதி உயரத்தில் நின்று ஒரு வாரம் பத்து நாள் முன்பே பூத்தால் விளக்கில் பிழை இல்லை. வெளிச்சம் ஒரு செடியை மட்டும் விட்டுவிட்டு விழாது. இரண்டு மூன்று செடிதான் என்றால் பலவீனமான நாற்றாக இருக்கலாம். ஒவ்வொரு பாத்தியிலும் அப்படி இருந்தால் செடியைக் குட்டையாக்கும் ஸ்டன்ட் வைராய்டு என்ற நுண்கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். நாற்றோடு வருவது, கத்தி வழியாகப் பரவுவது, மருந்து கிடையாது. கண்ணால் பார்த்து உறுதி செய்யவும் முடியாது, ஆய்வகச் சோதனைதான்.

அந்தச் செடிகளை இன்றே பிடுங்கி எரித்துவிடுங்கள், அந்தப் பாத்தியிலிருந்து நாற்றுக்குத் துண்டு எடுக்காதீர்கள். கத்தியை ஸ்பிரிட்டில் துடைப்பது இதற்குப் போதாது. பிளீச்சிங் கரைசலில் முக்கி எடுத்துத்தான் அடுத்த பாத்திக்குப் போக வேண்டும்.